கேட்டை நட்சத்திரம், நூற்றிருபதுக்கு எண்பது

தாழைக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில், மன்னார்குடி பஸ் நிற்கும் இடத்துக்கும் எப்போதும் பூட்டியே கிடக்கும் தாய்மார் பாலூட்டும் அறைக்கும் நடுவில், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரு தொண்டு சங்கத்தார் நாயனத்தோடு வந்து பிரஷர் மெஷின் ஒன்றை நிறுவி, ரிப்பன் வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கேசரிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீல நாற்காலி, பக்கத்தில் கையை நுழைக்க ஒரு துளை, எதிரே சின்னத் திரை, அளந்து முடித்ததும் நாக்கை நீட்டுவதுபோல வெளியே வரும் ஒரு சீட்டு, அவ்வளவுதான் மெஷின். நாமே உட்கார்ந்து நாமே பார்த்துக்கொள்ளலாம், யார் தயவும் வேண்டாம் என்று சங்கத் தலைவர் மைக்கில் சொன்னார். மேலே ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள்: ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின்பே அளக்கவும், கால்மேல் கால் போடக்கூடாது, அளக்கும்போது பேசக்கூடாது. இந்த மூன்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்கக்கூடிய மனிதர் எவரும் எங்கள் ஊரில் அதுவரை பிறந்திருக்கவில்லை.

முதலில் உட்கார்ந்தவள் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அஞ்சுகம். கையைத் துளைக்குள் விட்டதும் மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் "தயாராக இருக்கவும்" என்று சொல்ல, முப்பது வருஷமாகக் கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிய கையல்லவா அது, நீட்டிய மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்து, "செல்லத்துரை, பூரட்டாதி நட்சத்திரம், கும்ப ராசி" என்று புருஷன் பெயரைச் சொல்லிவிட்டது. பட்டை இறுகியது, தளர்ந்தது, சீட்டு வந்தது: நூற்றறுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு. அஞ்சுகம் அதை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட, அங்கே நர்ஸம்மா தன் கருவியால் பார்த்துவிட்டு, "உனக்கு நூத்திப் பன்னெண்டுக்கு எழுபது, குத்துக்கல்லாட்டம் இருக்கே. பஸ் ஸ்டாண்டு மெஷினையெல்லாம் நம்பாதே. அதுக்குக் குண்டுக் கையும் ஒண்ணு, ஒல்லிக் கையும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்பூரிலிருந்து போன் வந்தது. லாரி ஓட்டப் போயிருந்த செல்லத்துரை, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாகவும், அங்கே ஒரு டாக்டர் பார்த்ததில் நூற்றறுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு இருந்ததாகவும் சொன்னார். அஞ்சுகம் ஆச்சரியப்படவில்லை. பெயர் அவருடையது, வந்த எண்ணும் அவருடையது, இதில் என்ன இருக்கிறது? மாத்திரை டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனதற்காக அரைமணி நேரம் போனில் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மெஷின் முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருப்பார், பாதிப் பேர் கடல் தாண்டி இருப்பார்கள். போனில் கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள், அதை நம்பிப் பாதி வயிற்றோடு படுப்பதுதான் இங்கே உள்ளவர்களின் வேலையாக இருந்தது. இனி அந்தக் கவலை இல்லை. சேலத்தில் படிக்கும் மகன், சிங்கப்பூரில் கொத்து வேலை பார்க்கும் தம்பி, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் என்று ஒவ்வொருவராகப் பெயரும் நட்சத்திரமும் சொல்லி உட்கார, மெஷின் சளைக்காமல் சீட்டு நீட்டியது. உத்திர நட்சத்திரத்தில் உலகத்தில் ஆயிரம் செந்தில் இருப்பார்களே, மெஷினுக்கு எந்தச் செந்தில் என்று எப்படித் தெரியும் என்று ஒரே ஒருவர் கேட்டார். கோவிலில் சாமி பிரித்துக்கொள்வதில்லையா என்று திருப்பிக் கேட்டதும் அவரும் வரிசையில் நின்றுவிட்டார். ஷார்ஜாவில் மகனை வைத்திருக்கும் ஜமீலா பீவிக்கு நட்சத்திரம் ஏது, "எம் மவன் அப்துல் காதரு, பெரிய பள்ளிவாசத் தெரு" என்றார், அதற்கும் வந்தது. சாமியும் கிடையாது சாத்திரமும் கிடையாது என்று சொல்லும் தமிழாசிரியர் ஒருவர் ஆதார் அட்டையின் கடைசி நாலு எண்ணைச் சொன்னார், மெஷின் அதையும் ஏற்றுக்கொண்டது. சமையல்காரர் பஞ்சாபகேசனுடைய கை அந்தத் துளைக்குள் போகவே போகாது. அதனால் என்ன, அவர் பெயரைச் சொல்லி அவருடைய ஒல்லி மருமகள் கையை விட்டாள், கல்யாணச் சாப்பாடு கணக்காகக் கொழுத்த எண் ஒன்று வந்தது.

மைக்கில் பஸ் நேரம் சொல்லும் கலியபெருமாள்தான் தானாகவே இதற்கும் பொறுப்பெடுத்துக்கொண்டார். "பட்டுக்கோட்டை செல்லும் பேருந்து இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும். மெஷின் வரிசையில் நிற்பவர்கள் நட்சத்திரத்தை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளவும். அங்கே வந்து போன் போட்டு விசாரிக்கக் கூடாது" என்பார். ஒரு மாதத்துக்குள் ஊர் பழகிவிட்டது. "நேத்து பதினோரு மணிக்கு உனக்கு நூத்தம்பது ஏறுச்சே, யாரோட சண்டை?" என்று அம்மாக்கள் கேட்க, துபாயில் இருந்த பிள்ளைகள் திணறினார்கள். தேர்தலில் நின்ற கவுன்சிலருடைய சீட்டை எதிர்க்கட்சிக்காரர்கள் மணிக்கொரு தரம் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அய்யாவு மட்டும், ஒருநாள் கூட்டமில்லாத மத்தியானத்தில் உட்கார்ந்து, மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன தன் மனைவியின் பெயரைச் சொன்னார். பட்டை இறுகவில்லை. எழுத்தே இல்லாத வெள்ளைச் சீட்டு ஒன்று வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நிம்மதியா இருக்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். செத்தவர்களுக்கு வெள்ளைச் சீட்டு வரும் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தெரிந்த நிமிஷத்திலேயே ஊரில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் வந்தது. ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பவள் மங்கையர்க்கரசி. அவளுடைய புருஷன் நீலமேகம் பதினோரு வருஷத்துக்கு முன், சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, புளி வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான். அப்போது மகள் செம்மலருக்கு ஐந்து வயது. மங்கை தேடாத இடமில்லை. தினத்தாளில் அடையாளம் தெரியாத ஆண் பிணம் என்று செய்தி வந்தால் தாளைக் கிழித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அப்படி மூன்று ஊர்ப் பிணக்கிடங்குகளில் போய்த் துணியை விலக்கி முகம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நாலாவது வருஷத்திலிருந்து அவளுக்கே பிரஷர் வந்து தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று கோர்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டது.

மினி பஸ் ஓட்டும் ராஜமாணிக்கத்தின் வீடு பேருந்து நிலையத்திலிருந்து இருநூறு தப்படி. பெண்சாதியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. இருநூறு தப்படிக்கு அவர் சைக்கிளில் வந்து, மங்கையின் ஸ்டாண்டில் விட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு போனார், மூன்று வருஷமாக, ஒருநாள் தவறாமல். ஊருக்கே புரிந்த விஷயம் மங்கைக்குப் புரிய இரண்டரை வருஷம் ஆயிற்று. புரிந்தபின் அவள் இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, மகளைக் கேட்டு, மகள் "எனக்கு எப்பவோ ஓகேம்மா, நீதான் லேட்டு" என்று சொன்னபிறகு தலையாட்டினாள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று, இரண்டாம் கல்யாணத்துக்கு எதற்கு ஜாதகம் என்று பொருத்தம்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் என்ன புடவை கட்டுவது என்பதுவரை பேசி முடித்திருந்தோம்.

இந்த நிலையில்தான், ஆடி முதல் வாரத்தில், நீலமேகத்தின் தங்கை பவுனம்மாள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மதனிக்குக் கல்யாணம் ஆவதில் அவளுக்கும் சந்தோஷம்தான், முகூர்த்தப் பந்தலுக்குத் தென்னங்கீற்று தன் வீட்டிலிருந்துதான் என்று முதலில் சொன்னவளே அவள். ஆனாலும் கூடப் பிறந்தவள். ஒரு வெள்ளைச் சீட்டு வந்துவிட்டால் ஆற்றங்கரையில் போய் முறையாக ஒரு எள்ளுத் தண்ணீராவது இறைத்துவிடலாமே என்று நினைத்தாள். "நீலமேகம், கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி" என்றாள்.

பட்டை இறுகியது.

நூற்றிருபதுக்கு எண்பது. நாடி எழுபத்திரண்டு.

பவுனம்மாள் சீட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் இருக்காரு! எங்கண்ணன் உசுரோட இருக்காரு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் மங்கை நிற்பதைப் பார்த்ததும் அவளுடைய கை தானாகக் கீழே இறங்கியது. அன்று சாயங்காலம் மங்கை நான்கு பேருக்கு டோக்கனைத் தப்பாக மாற்றிக் கொடுத்தாள்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. மெஷின் சொல்வது உண்மையென்றால் நீலமேகம் உயிரோடு இருக்கிறார், புருஷன் உயிரோடு இருக்கும்போது எப்படித் தாலி கட்டுவது என்றது ஒரு கட்சி. பஸ் ஸ்டாண்டு மெஷினை நம்பி ஒருத்தி வாழ்க்கையைக் கெடுப்பதா, நர்ஸம்மாதான் முதல்நாளே சொன்னார்களே, அது என்ன பெரிய வேதமா என்றது இன்னொரு கட்சி. நியாயப்படி இரண்டாவது கட்சிதான் ஜெயித்திருக்க வேண்டும், ஏனென்றால் மங்கையைப் பிடிக்காதவர் ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் டீக்கடை வாசலில் ஜமீலா பீவி ஒரு கேள்வி கேட்டார்.

"மங்கைக்காக மெசினு பொய்யின்னு சொல்லிப்புடலாம், எனக்கும் அது நல்லாருக்கணும்னுதான் ஆசை. ஆனா மெசினு பொய்யின்னா, எம் புள்ள நல்லாருக்கான்னு நான் மூணு மாசமா நிம்மதியா தூங்குனேனே, அதுவும் பொய்தானேம்மா?"

மங்கையின் பக்கம் நின்ற பெண்கள்கூட, ஆளுக்கு ஒரு மகனோ மகளோ நினைவுக்கு வர, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரின் தூக்கம் மொத்தமும் ஒரு பக்கம், மங்கையின் கல்யாணம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

ராஜமாணிக்கம் அன்றைக்கும் சைக்கிளை விட்டு டோக்கன் வாங்கினார். "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதாங்க. எத்தனை நாளானாலும் சரி" என்றார். மங்கை டோக்கனைக் கொடுத்தாளே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியில் கலியபெருமாள் ஒரு வழி சொன்னார். மெஷின் நம்பத் தகுந்ததா இல்லையா என்று நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், செய்தவனையே வரச்சொல்லி சோதித்துச் சான்று வாங்கிவிட்டால் போயிற்று. எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினோம். பதினைந்தாம் நாள் திருச்சியிலிருந்து ஆரோக்கியராஜ் என்ற மெக்கானிக் தம்பி ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

கெட்டிக்காரத் தம்பி. பாதரசக் கருவியை வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் வாய்திறக்காமல் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, தன் கையையே மூன்று தடவை அதிலும் மூன்று தடவை இதிலும் அளந்து பார்த்தார். நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு பாயிண்டுதாங்க வித்தியாசம். அருமையான மெஷின்" என்றார். "ஆனா நீங்க எல்லாரும் பேசிக்கிட்டே பாக்குறீங்கன்னு சொன்னாங்க. அது தப்பு. அளக்குறப்ப பேசுனா பத்து பாயிண்டு ஏறிடும்."

"பேசலைன்னா யாரோடதுன்னு மெஷினுக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டார் கலியபெருமாள்.

தம்பிக்கு விஷயம் விளங்கப் பத்து நிமிஷமாயிற்று. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், நீங்களே பார்த்துவிடுங்களேன் என்று அஞ்சுகம் ஒரு வெள்ளரிப்பிஞ்சையும் கையில் கொடுத்து வற்புறுத்த, சரி போகட்டும் என்று உட்கார்ந்து, "பிலோமினா, திருச்சி பாலக்கரை, எட்டாம் மாசம்" என்றார். நூற்றறுபதுக்கு நூற்றிப்பத்து. தம்பி மறுபடி சிரிக்கப் போனார், முடியவில்லை. போனை எடுத்தார். காலையிலிருந்து தலைவலி மண்டையைப் பிளக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது, நீங்கள் வேலையில் இருப்பீர்களே என்று சாயங்காலம் சொல்லலாமென்றிருந்தேன் என்றாள் அவர் மனைவி. பக்கத்து வீட்டார் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். குறைமாதத்தில் பெண் குழந்தை, இரண்டு கிலோ, தாயும் சேயும் நலம்.

நாலாம் நாள் ஆரோக்கியராஜ் லட்டு டப்பாவோடும் சான்றிதழோடும் திரும்பி வந்தார். "இந்த எந்திரம் பொதுமக்கள் நம்பத் தகுந்தது" என்று முத்திரை வைத்து எழுதியிருந்தது. ஊரே கைதட்டும் என்று எதிர்பார்த்தவர், லட்டை வாங்கிக்கொண்டு எல்லோரும் எதிரே இருந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பார்ப்பதைக் கண்டு முழித்தார். கலியபெருமாள் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. நேராக ரோட்டைத் தாண்டி மங்கையிடம் போனார்.

"அக்கா, எங்க வேலையில ஒரு விதி இருக்கு. ஒரே ஒரு ரீடிங்கை வச்சு எந்த டாக்டரும் எதையும் முடிவு பண்ண மாட்டாரு. ஏழு நாளு பாக்கணும், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முதல் நாளைக் கணக்குலேயே சேக்கக் கூடாது. அப்புறந்தான் சொல்ல முடியும். நீங்களே உக்காந்து பாருங்கக்கா."

மெஷின் வந்த நாளிலிருந்து மங்கை அதன் பக்கம் போனதே இல்லை. மறுநாள் விடிந்ததும் போனாள். பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். ஐந்து நிமிஷம் கண்ணை மூடி, பாதத்தைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். பிறகு கையை விட்டு, வருஷக்கணக்காக வாயில் வராத பெயரைச் சொன்னாள். நூற்றிருபத்திரண்டுக்கு எண்பது. சாயங்காலம் நூற்றிருபதுக்கு எழுபத்தெட்டு. இரண்டாம் நாள் நூற்றிருபதுக்கு எண்பது, இரண்டு வேளையும். சீட்டுகளை ஒரு கம்பிக் கொக்கியில் குத்தி, ஸ்டாண்டு மேஜைமேல் வைத்தாள்.

அந்த வாரம் ஊரில் எவருக்கும் வேலை ஓடவில்லை. மங்கை உட்காரும் நேரத்துக்கு மன்னார்குடி பஸ்ஸே ஐந்து நிமிஷம் நின்று போயிற்று. ராஜமாணிக்கம் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல டோக்கன் வாங்கினார், ஆனால் இரண்டு நிறுத்தங்களில் பஸ்ஸை நிறுத்த மறந்து, ஏறி வந்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிட்டாராம். பவுனம்மாள் தினமும் வந்து தூரத்தில் நின்று, எண்ணைக் கேட்டுக்கொண்டு, மதனியின் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

நாலாம் நாள் செம்மலருடைய பதினாறாவது பிறந்தநாள். காலையில் மங்கை மகளுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வந்த எண்தான் இருந்ததிலேயே குறைவு: நூற்றிப் பதினாறுக்கு எழுபத்தாறு. அந்தச் சீட்டை அவள் கொக்கியில் குத்தவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் விட வந்த ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. அப்புறம் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவருக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் எள் போட்டால் எள் விழாது. ஜமீலா பீவி முன்வரிசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மங்கை பதினாலாவது தடவையாகப் பெயர் சொன்னாள், பதினாலாவது சீட்டை எடுத்தாள், நூற்றிருபதுக்கு எண்பது. கொக்கியையும், தனியே வைத்திருந்த பிறந்தநாள் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு பவுனம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பவுனு, மெஷினு பொய் சொல்லலை. இனிமே யாரும் அதைப் பத்தி சண்டை போட வேணாம். ஜமீலாக்கா, நீங்க நிம்மதியா தூங்குங்க. ஒங்கண்ணன் உசுரோடதான் இருக்காரு பவுனு. நல்லாவும் இருக்காரு. இந்தா, பதினாலு சீட்டு."

பவுனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"பதினோரு வருசமா நான் என்னென்ன நெனச்சிருப்பேன்னு ஒனக்குத் தெரியும். பசியில கெடக்குறாரோ, புத்தி கலங்கிப் போச்சோ, எந்தக் கொளத்துல மெதக்குறாரோன்னு. மூணு ஊரு கெடங்குல போயி பொணத்து மூஞ்சியெல்லாம் தொறந்து பாத்தேன். இவரு இல்லைன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு தடவையும் சாமிக்கு வௌக்கேத்துனேன். எனக்கு மாத்திரை இல்லாட்டித் தலை நிக்காது. அவருக்கு? நூத்திருவதுக்கு எம்பது. பெத்த பொண்ணு பொறந்த நாளன்னிக்கு நூத்திப் பதினாறு. ஒரு நாளு, ஒரு வேளை, ஒரு பாயிண்டு எங்களை நெனச்சு ஏறலை பவுனு. செத்துட்டாருன்னு கோர்ட்டு சொன்னப்பகூட எனக்கு விட்டுப்போகலை. இப்ப விட்டுப்போச்சு."

நாங்கள் ஏழு நாளாக, மெஷின் உண்மையைச் சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமே என்றல்லவா பயந்துகொண்டிருந்தோம். பவுனம்மாள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் சின்னதுலேயே அப்படித்தான் அண்ணி" என்றாள். "பக்கத்துல யாரு அழுதாலும் அது பாட்டுக்குத் தூங்கிரும்." பிறகு கொக்கியோடு எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு, "கீத்து எங்க வீட்டுலேருந்துதான். அதுல மாத்தமில்லை" என்றாள்.

அப்போதுதான் மங்கை கூட்டத்துக்குப் பின்னால் தேடினாள். ராஜமாணிக்கம் டீக்கடைத் தூணுக்கு அந்தப் பக்கம், சைக்கிளை ஸ்டாண்டுபோடக்கூட மறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க நட்சத்திரம் என்ன?" என்று கேட்டாள் மங்கை.

"சுவாதிங்க" என்றார். "துலாம்."

மங்கை திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஐந்து நிமிஷம் காத்திருக்கவில்லை, பாதத்தை ஊன்றவில்லை. கையைத் துளைக்குள் விட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "ராஜமாணிக்கம், சுவாதி நட்சத்திரம், துலா ராசி" என்றாள். பட்டை இறுகியது, இறுகியது, இன்னும் இறுகியது, மெஷின் லேசாக முனகியதுகூடக் கேட்டது. வந்த சீட்டைக் கலியபெருமாள் எட்டி வாங்கி, பழக்கதோஷத்தில் மைக்கிலேயே படித்துவிட்டார்.

"நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்றிப் பன்னிரண்டு."

"அடி ஆத்தீ" என்று எழுந்தே நின்றுவிட்டார் ஜமீலா பீவி.

மங்கை அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பதினாலு சீட்டு பார்த்தபோதும் அழாதவள், எல்லோர் முன்னாலும், வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். தனக்காக ஒருவருக்கு இத்தனை ஏறியிருக்கிறது என்பது அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட, நடந்துபோய் அவர் சைக்கிளின் முன்னால் நின்றாள்.

"இவ்வளவையும் வச்சுக்கிட்டா ஏழு நாளும் டோக்கன் வாங்கிட்டுப் போனீங்க?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சா, அதுக்காகச் சரின்னு சொல்லிடுவீங்களோன்னுதாங்க..."

"மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"இல்லைங்க."

"நாளைக்கு மொத வேலையா டாக்டர்கிட்ட போறோம். பஸ்ஸை வேற யாராவது எடுக்கட்டும். இன்னையிலேருந்து கருவாடு கெடையாது."

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கெழமை ஒரு துண்டு?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரு துண்டும் கெடையாது" என்றாள் மங்கை.